கிக்ஸ்டார்ட்டரா, ஏர்லி ஆக்சஸா? முழுமையடையாத கேமுக்குப் பணம் கொடுக்கும் முன்

பெயர் தெரியாத சிறு குழுக்களின் இண்டி கேம்களுக்கு, அவை முழுமையடையும் முன்பே பணம் கொடுக்க இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. ஒன்று, பொதுமக்களிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் ஆதரவுத் தொகை கட்டுவது. மற்றது, கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமின் ஏர்லி ஆக்சஸில் பாதி முடிந்த கேமை வாங்குவது. முதல் வழியில் கட்டிய இரண்டு கேம்கள் கடைசிவரை வராமலே போன பிறகு, நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன்.

விலை வித்தியாசம் சொற்பம். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கிக்ஸ்டார்ட்டரால் நல்ல கேம்களும் பிறந்திருக்கின்றன. 2014-இன் இறுதியில் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டு, 57,000-க்கு மேல் திரட்டிய ஹாலோ நைட் 2017-இல் வெளிவந்தது. ஆனால் அதே திரட்டலில் கூடுதல் பகுதியாகத் தருவதாக உறுதியளிக்கப்பட்டது தனி கேமாக வளர்ந்து, சில்க்சாங் என்ற பெயரில் 2025 செப்டம்பரில்தான் வந்து சேர்ந்தது. வெற்றிக் கதையிலேயே காத்திருப்பு இவ்வளவு. தோல்விக்கு யோக்வென்ச்சர்ஸ் உதாரணம்: 2012-இல் ஐந்தரை லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, 2014-இல் கைவிடப்பட்டது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒன்றுதான்: தவறு என்று தெரிந்தால் பணத்தோடு வெளியேற முடியுமா? கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டல் முடியும்வரை பொதுவாக விலகிக்கொள்ளலாம். முடிந்த பிறகு பணம் உருவாக்குபவரிடம் போய்விடுகிறது, தளம் அதைத் திருப்பித் தருவதில்லை. ஸ்டீமிலோ 2015 முதல், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் ரீஃபண்ட் கேட்கலாம். ஏர்லி ஆக்சஸுக்கும் இது பொருந்தும். ஆகவே வாங்கிய வாரத்திலேயே ஆடிப் பார்த்துவிடுவது என் வழக்கம். தள்ளுபடியில் வாங்கிக் கிடப்பில் போடுபவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லாததற்குச் சமம்.

இந்த இரண்டு மணி நேரம் இன்றைய நிலையைத்தான் காட்டும், கேம் முடிக்கப்படுமா என்பதைக் காட்டாது. டபுள் ஃபைன் நிறுவனத்தின் வரலாறு என் கட்சிக்கு எதிராகவே நிற்கிறது: 2012-இல் கிக்ஸ்டார்ட்டரில் 33 லட்சம் டாலர் திரட்டிய அவர்களது பிரோக்கன் ஏஜ் தாமதமானாலும் 2015-இல் முழுமையடைந்தது, 2013-இல் ஏர்லி ஆக்சஸில் விற்ற ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9, திட்டமிட்ட பல அம்சங்கள் இல்லாமலே ஓராண்டில் முடித்துவைக்கப்பட்டது. ஆயினும் பின்னதை வாங்கியவர் கையில் ஆடக்கூடிய ஏதோ ஒன்று முதல் நாளிலிருந்தே இருந்தது. அதனால், இனி ஒரு அப்டேட்டும் வராது என்று வைத்துக்கொண்டு, இப்போதிருக்கும் கேம் இந்த விலைக்குத் தகுமா என்று மட்டுமே பார்க்கிறேன். கடைசி அப்டேட் எப்போது வந்தது என்பதையும் பார்த்துவிடுவேன். நெடுநாள் அப்டேட் இல்லாத ஏர்லி ஆக்சஸ் கேம்களின் பக்கத்தில் 2025 முதல் ஸ்டீமே அதைச் சுட்டிக்காட்டுகிறது.

லாபத்தில் பங்கு தேடுவோருக்காக 2015-இல் தொடங்கிய ஃபிக் போன்ற தளங்களும் இருந்தன. அதில் நான் பணம் போட்டதில்லை என்பதால் என் கருத்துக்கு எடை குறைவு. கதையை நம்பி நிற்கும் கேம்களுக்கும் ஏர்லி ஆக்சஸ் பொருந்துவதில்லை. பாதிக் கதையை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மீதியின் சுவை போய்விடும். அத்தகைய ஒன்றுக்காக மட்டும் இன்னமும் கிக்ஸ்டார்ட்டரில் காத்திருக்கிறேன். அதற்கும், கேமின் ஒரு பிரதி கிடைக்கும் மிகக் குறைந்த தொகையைத்தான் கட்டியிருக்கிறேன்.