பிரெஞ்சுச் சொற்கள்: கொப்பியா, ஆப்பா, அட்டையா, பாரிஸ் மச்சாளா?

மகள் ஓ எல் பரீட்சைக்குப் பிரெஞ்சு எடுக்கப்போகிறேன் என்றபோது வீட்டில் ஒருவரும் எதிர்க்கவில்லை, உதவவும் இல்லை. சொந்தத்தில் பாதிப்பேர் பாரிஸில்தான். ஆனால் வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் 'போன்ஜூர்' தாண்டி ஒரு சொல் தெரிந்த ஆளில்லை. அடிப்படைச் சொற்களை ஏற்றிக்கொள்ள ஒவ்வொரு வழியாகப் பார்த்தோம். அந்த அனுபவத்தில்தான் இந்த ஒப்பீடு.

முதலில் கொப்பி. ரியூஷனில் தந்த பட்டியல், இடப்பக்கம் பிரெஞ்சு, வலப்பக்கம் ஆங்கிலம். செலவில்லாத வழி. பாடமாக்கியும் விட்டாள். ஆனால் 'மாமி' என்று தனியாகக் கேட்டால் 'அப்பா, அம்மா'விலிருந்து தொடங்கி இறங்கி வரவேண்டியிருந்தது. ஏழாம் வாய்ப்பாட்டில் நடுவில் கேட்டால் நாங்கள் முழிப்போமே, அதே கதை.

அதைவிடப் பெரிய சிக்கல் அந்த ஆங்கிலப் பக்கம். ஆங்கிலத்தில் பசியைச் சொல்ல 'நான் பசியாக இருக்கிறேன்' என்ற அமைப்பு. அதைப் பிடித்துக்கொண்டு மகள் 'ஜு சுய் ஃபாங்' என்று எழுதினாள். சிவப்பு மையால் வெட்டு. சரியானது 'ஜே ஃபாங்', அதாவது பசி என்னிடம் இருக்கிறது. நாங்கள் 'எனக்குப் பசி' என்போம். அது பிரெஞ்சுக்கு எவ்வளவோ கிட்ட. வயதும் அப்படித்தான். 'ஜே தூஸ் ஆங்' என்றால் எனக்குப் பன்னிரண்டு வயது. 'தூ', 'வூ' வேறுபாட்டை விளக்க ரியூஷனில் ஒரு மணித்தியாலம் போனது. 'நீ, நீங்கள்' என்று தமிழில் சொல்லியிருந்தால் ஒரு நிமிடம்.

அன்றைக்கே ஆங்கிலப் பக்கத்தை அடித்துவிட்டுத் தமிழில் எழுதச் சொன்னேன். சில இடங்களில் தமிழ் கைவிடும், அதையும் சொல்லவேண்டும். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்றால் அஃறிணைக்கு ஏது பால் என்றுதான் நமக்குத் தோன்றும். பெண்பாலுக்கு முன்னால் வரும் 'லா', ஆண்பாலுக்கு முன்னால் வரும் 'லு' இரண்டையும் சொல்லோடு ஒட்டியே பாடமாக்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

அடுத்தது ஆப். கண்ணுக்கு அழகு, உச்சரிப்பு காதில் விழும், பஸ்ஸுக்கு நிற்கும் நேரம் வீணாகாது. நாற்பது நாள் விடாமல் செய்தாள். பிறகு ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து வாரநாட்களை எழுதச் சொன்னேன். நான்கில் நின்றாள். திரையில் பார்த்துத் தொடுவதும் தலையிலிருந்து எடுத்து எழுதுவதும் ஒன்றல்லவே. 'ஊ' என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு மேல் சின்னக் கோடு இருந்தால் 'எங்கே', இல்லாவிட்டால் 'அல்லது'. அவள் வைத்திருந்த ஆப் கோட்டை விட்டாலும் சரி போட்டுவிட்டு ஒரு குறிப்போடு நகர்ந்துவிடும். விடைத்தாள் திருத்துபவரிடம் அந்தத் தாராளத்தை எதிர்பார்க்க முடியாது.

என் வோட்டு அட்டைக்கு. பிரிஸ்டல் போர்டை வெட்டி ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் 'லா' அல்லது 'லு' சேர்த்துப் பிரெஞ்சு. ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு. சப்பாத்துப் பெட்டியை ஐந்தாகத் தடுத்து, சரியாக எழுதிய அட்டை அடுத்த அறைக்கு, பிழைத்தது முதல் அறைக்கு. முன் அறையைத் தினமும், பின்னறைகளைப் போகப்போக இடைவெளியைக் கூட்டிப் பார்க்கவேண்டும். செபஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் பரப்பிய முறை இது. குறை, அட்டை செய்யவே அரைநாள் போய்விடும். ஆனால் செய்யும்போதே கால்வாசி ஏறிவிடுகிறது.

அட்டை செய்யும்போது ஒரு வேடிக்கை. பாணுக்குப் பிரெஞ்சு 'பாங்'. வாங்குக்கும் கிட்டத்தட்ட அதே ஒலி, எழுத்து வேறு. அலுமாரி 'ஆர்முவார்'. சட்டைக்கு 'ஷுமீஸ்' என்றதும் "சிங்களத்தில் கமிசய!" என்று கத்தினாள். போர்த்துக்கேயர் நம் வாயில் விட்டுப்போன சொற்களும் பிரெஞ்சும் ஒரே லத்தீன் வீட்டுப் பிள்ளைகள். அந்த அட்டைகளை இரண்டாம் முறை பார்க்கத் தேவைப்படவில்லை.

அட்டைக்கு வாய் இல்லை, காதும் இல்லை. லண்டன் ஓ எல்லில், அதாவது பிரிட்டிஷ் பரீட்சைச் சபையான எடெக்ஸெல்லின் பிரெஞ்சு எடுப்பவர்களுக்குக் கேட்டலுக்கு 25 வீதம், பேச்சுக்கு 25 வீதம். பிரெஞ்சு அரசின் சான்றிதழ்ச் சோதனையான டெல்ஃபின் தொடக்கநிலை ஏ1இல் கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு நான்குக்கும் தலா 25 புள்ளி. மொத்தத்தில் 50 எடுத்தாலும் ஒரு பகுதியில் 5க்குக் கீழே போனால் தவறியதுதான். இந்தச் சோதனைகளுக்குப் போகிறவர்கள் பார்ன்ஸ் பிளேஸ் அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற ஒரு வகுப்பைத் தவிர்ப்பது புத்தியல்ல. காசும் நேரமும் கூடத்தான், கொழும்பு ட்ராபிக்கைச் சேர்த்தால் இன்னும் கூட.

கடைசியாக, பாரிஸ் லாச்சப்பலில் இருக்கும் மச்சாள். வாட்ஸ்அப்பில் இலவசம், பேச்சு இயல்பு, மகளுக்குக் கூச்சமும் போய்விட்டது. ஆனால் மச்சாள் 'ஷே பா' என்பாள். சோதனையில் 'ஜு நு சே பா' என்று முழுதாக எழுதவேண்டும். லோசானில் இருக்கும் மாமா தொண்ணூறை 'நொனான்த்' என்கிறார், சுவிஸ் வழக்கு. பாடப்புத்தகத்தில் 'காத்ர் வாங் தீஸ்', நான்கு இருபதும் பத்தும். இதென்ன கூத்து என்று மகள் சிரித்தாள். நம் தொண்ணூறுக்குள் நூறு உட்கார்ந்திருக்கிறதே, அதை யாரிடம் சொல்வது என்றேன்.

இப்போது நாளைக்குப் பதினைந்து அட்டை, சனிக்கிழமை வகுப்பு, ஞாயிறு மச்சாள். கொப்பி பரணில். ஆப்பை அழிக்கச் சொன்னேன், அழிக்கவில்லை. பஸ்ஸில் மட்டும்தான் என்கிறாள்.