ரொட்டவேற்றர் கத்திக்குப் பவுடர் படை: ஒரே கலவையா, படிப்படியா?

புழுதி விதைப்புக்காகக் காய்ந்த செம்மண்ணை உழும்போது ரொட்டவேற்றர் (உழவு இயந்திரத்தில் பூட்டும் சுழல் கலப்பை) கத்தியின் முனைதான் முதலில் கரையும். கழற்றிவிட்டுப் புதுக் கத்தி பூட்டலாம். காசிருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. குரோமியம் காபைட் வெல்டிங் குச்சியால் தேய்ந்த முனைமேல் கடினப் படை போடலாம். மலிவு, கை பழகிய வேலை. அந்தப் படை குறுக்கே மயிர் வெடிப்பு விட்டே ஆறும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. இரண்டு மூன்று படைக்கு மேல் ஏற்றினால்தான் தகடாக உரியும்.

மூன்றாவது வழி, ஒட்சிசன்–அசிற்றலின் டோர்ச்சால் நிக்கல் பவுடரோடு (தனி நிக்கல் அல்ல; போரன், சிலிக்கன் சேர்ந்து குறைந்த சூட்டில் உருகும் கலப்புலோகம்) மிகக் கடினமான டங்ஸ்டன் காபைட் பவுடரைக் கலந்து உருக்குவது. இதிலும் இரண்டு கட்சி: ஒரே கலவையாக ஒரே மூச்சில் போடுவோர், காபைட்டைப் படைக்குப் படை கூட்டுவோர். நான் இரண்டாவது கட்சி.

காரணம் ஒன்றே: உரிவது. ஒரு பாகை (செல்சியஸ்) சூட்டுக்கு இரும்பு பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும், டங்ஸ்டன் காபைட் 5 பங்குதான். காபைட் செறிந்த படை நேரே இரும்பில் உட்கார்ந்தால், ஆறும்போது இழுபறி முழுவதும் அந்த ஒரு எல்லைக் கோட்டில் விழும். வெடிப்பு அங்கேதான் ஓடும். படிப்படியாகப் போனால் அதே இழுபறி மூன்று இடத்தில் பங்கிடப்படும். லேசரால் படை போடும் மெசின்களில் இரண்டு தொட்டிப் பவுடரின் அளவை ஓட ஓட மாற்றிச் செய்வதும் இதுவே. டோர்ச்சில் பவுடர்க் கிண்ணத்தைக் கையால் மாற்றவேண்டும், அவ்வளவுதான்.

அளவு: முதற்படை காபைட் சேராத நிக்கல் பவுடர், அரை மில்லிமீற்றர். அடுத்தது 100 கிராமில் 25 கிராம் காபைட். மேற்படைக்கு 50 கிராம். பாதிக்குப் பாதி என்று கண் ஏமாறும். காபைட் நிக்கலைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு பாரம் என்பதால் கன அளவில் அது மூன்றில் ஒரு பங்குதான்.

அந்தப் பாரமே தொல்லையும். கலந்த போத்தலைத் தட்டினால் காபைட் அடியில் இறங்கிவிடும். ஆகவே தட்டாமல் உருட்டிக் கலந்து, கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இடவேண்டும். மாரியில் பவுடர் ஈரம் பிடித்து டோர்ச் வாயை அடைக்கும்; 110 பாகையில் ஒரு மணித்தியாலம் காயவைத்தால் சரி.

முனையைக் கிரைண்டரால் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, 300 பாகைக்குச் சூடேற்றி, கறள் பிடிக்குமுன் மெல்லிய பவுடர் தூவி, பிறகு 1000 பாகைக்கு மேல் கொண்டுபோகவேண்டும். பரப்பு கண்ணாடிபோல் மினுங்கியதும் சுவாலையை நகர்த்திவிடுங்கள். தாமதித்தால் காபைட் மணிகள் உருகிய நிக்கலுக்குள் மூழ்கி அடியில் தங்கும், கொஞ்சம் கரைந்தும் போகும். படி வைத்த பாடு வீண். கடைசியில் காய்ந்த உமிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடவேண்டும்.

குறையும் உண்டு. இந்தச் சூட்டில் கத்தியின் பதம் போய்விடும், அதனால் சூடு போல்ட் துளைப் பக்கம் ஏறக்கூடாது. மன்னார்ப் பக்கம் முருங்கன் கரும் களியில் குச்சிப் படையே கட்டுப்படியாகும் என்பேன். கல் கிடக்கும் காணியில் காபைட் முனை சில்லாகத் தெறிக்கும்; அங்கே புதுக் கத்திதான்.