பாத்ரூம் கண்ணாடிக் கதவுக்கு சீல் ஆன்லைன்ல வாங்கப் போறீங்களா? என் 1,640 ரூபாய் போன கதையைப் படிச்சுட்டு வாங்குங்க

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. பாத்ரூம் கண்ணாடிக் கதவுக்கு அடியில, தண்ணி வெளிய வராம இருக்க நிறமில்லாத பிளாஸ்டிக் பட்டை ஒண்ணு மாட்டியிருப்பாங்களே, அந்த சீலை ஒரு பெரிய ஷாப்பிங் ஆப்ல வாங்கி 1,640 ரூபாயைத் தொலைச்சுட்டு நிக்கிறேன். ஆப் பேரைப் போட்டா பதிவையே தூக்கிடுவாங்கன்னு தங்கச்சி சொல்றா, அதனால போடல. உங்க போன்லயும் கண்டிப்பா இருக்கும். சீலை நாமளே எப்படி மாத்துறதுங்கிறதையும் கடைசியில விவரமா சொல்றேன்.

எங்களுக்கு மன்னார்குடி. வீட்டுக்காரர் மஸ்கட்ல இருக்கார். அங்க பார்த்த மாதிரியே வேணும்னு ஆசைப்பட்டு, வீடு கட்டும்போது கீழ் பாத்ரூம்ல கண்ணாடிக் கதவு போட்டார். எங்க போர் தண்ணியப் பத்தி டெல்டாக்காரங்களுக்குச் சொல்லணுமா? வாளி விளிம்பெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். அந்த உப்பு சீல் மேல படிஞ்சு படிஞ்சு, பிளாஸ்டிக்கும் விறைச்சு மஞ்சளாகி, அடியில தொங்குற நாக்கு பாதிக்கு மேல பிஞ்சு போச்சு. யார் குளிச்சாலும் தண்ணி கதவுக்கடியில புகுந்து ரூம் வரைக்கும் வருது. ஐப்பசி அடைமழையில துணியே காயல, இதுல தரையும் ஈரம். மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு. அவங்க ராத்திரி எந்திரிச்சுப் போறப்ப எனக்குத் தூக்கம் வருமா?

உள்ளூர் கண்ணாடிக் கடையில கேட்டேன். "சீல் மட்டும்னா எனக்குக் கட்டுப்படியாகாதுக்கா, கதவையே மாத்திடுங்க"ன்னார். நல்லா இருக்கே கதை!

சரின்னு ஆன்லைன்ல தேடினேன். சும்மா படத்தைப் பார்த்து வாங்கல. லேத் பட்டறையில வேலை பாக்குற தம்பியை வெர்னியரோட வரச் சொல்லி அளந்தோம். கண்ணாடி கனம் 8 எம்எம். கண்ணாடிக்கும் கீழே இருக்கிற கிரானைட் படிக்கும் நடுவுல 10 எம்எம் சந்து. கதவு அகலம் 28 இன்ச். இதையெல்லாம் அந்த ஆப்லயே விக்கிறவர்கிட்ட சாட்ல கேட்டேன்.

இங்கதாங்க விஷயமே. அந்த ஆள் பதில் போட்ட விதம் இருக்கே! "மேடம், கதவு போட்டோ அனுப்புங்க"ன்னார். அனுப்பினேன். கீழ் விளிம்புல சிவப்புக் கோடு இழுத்துத் திருப்பி அனுப்பி, "இந்த இடம்தானே மேடம்?"னு கேட்டார். கதவு உள்ள திறக்குமா வெளிய திறக்குமா, படி மட்டமா சரிவா, எத்தனை பேர் குளிக்கிறீங்க வரைக்கும் விசாரிச்சார். சொந்த அண்ணன்கூட இவ்வளவு கேக்க மாட்டான். கடைசியா, "8 எம்எம்முக்கு டைட்டா உக்காரும் மேடம், நாக்கு 12 எம்எம், படியைத் தொட்டு மடங்கும். உக்காரலைன்னா பணம் வாபஸ்"னு போட்டார். பேஜ்லயும் 7 நாள் ரிட்டர்ன்னு பச்சை எழுத்துல இருந்துச்சு. அடிக்கு ஒண்ணு, பக்கவாட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பீஸ் செட். 1,640 ரூபாய். டெலிவரியில காசு குடுக்கிற வசதி கிடையாது, முன்னாடியே கட்டணும். கட்டிட்டேன்.

பார்சல் வந்தப்பவே திக்குனு ஆச்சு. நீட்டா வர வேண்டிய சாமானை வேட்டி மாதிரி நாலா மடிச்சு ஒரு கவர்ல திணிச்சிருக்கான். மடிச்ச இடத்துல எல்லாம் வெள்ளைக் கோடு, நாக்கு சுருண்டு கிடக்கு. சுடுதண்ணியில போட்டு எடுத்தா நிமிரும்னு தம்பி சொன்னான். ஓரளவு நிமிர்ந்துச்சு, மடிப்புத் தடம் மட்டும் போகல. சரின்னு கதவுல மாட்டினோம். மாட்டுறதுக்கு ஒரு சிரமமும் இல்ல, அவ்வளவு லூஸு! கதவைச் சாத்தித் திறந்தா கதவு மட்டும் வருது, சீல் படியிலயே படுத்துக் கிடக்கு. தம்பி வெர்னியரை வெச்சுப் பார்த்தான். கண்ணாடியைக் கவ்வுற பள்ளம் 10 எம்எம். நாக்கு 6 எம்எம்கூட இல்ல. சீல் கழண்டு விழாம நின்னிருந்தாலும் நாக்கு படியைத் தொட்டிருக்காது. ரெண்டு பீஸுக்கும் இதே கதிதான்.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க. சாட்ல எழுதினா முதல்ல மெஷின் பேசுது: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." அப்புறம் ஒரு பொண்ணு வந்து போட்டோ கேட்டாங்க, வெர்னியரோட எடுத்து அனுப்பினேன். பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கான்னாங்க, அதையும் அனுப்பினேன். அடுத்து வேற ஒருத்தர் வந்து முதல்ல இருந்து போட்டோ கேக்குறார். மாத்தித் தர்றோம்னு சொல்லி அனுப்பினது அதே மடிச்ச சீல், அதே 10 எம்எம். பணத்தைத் திருப்புங்கன்னா ரிட்டர்ன் எடுக்க ஆள் வருவார்னாங்க. நான் வாசல்லயே உட்கார்ந்திருக்கேன், போன்ல மெசேஜ் வருது: "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை." வழக்கமா எங்க தெருவுக்கு வர்ற டெலிவரி தம்பியைக் கேட்டா, "எனக்கு அந்த ஆர்டரே காட்டலக்கா"ங்கிறான். இந்த இழுப்புலயே 7 நாள் முடிஞ்சுது. முடிஞ்ச உடனே பதில் என்ன தெரியுமா? "இது வெட்டிப் பயன்படுத்தும் பொருள் என்பதால் திரும்பப் பெற இயலாது." வெட்டவே இல்லையேய்யா! அது மடிச்சு வந்தது வந்தபடியேதான் இருக்கு!

சிவப்புக் கோடு போட்ட மகராசன்கிட்ட கேட்டேன். "டபுள் சைடு டேப் ஒட்டிக்குங்க மேடம்." தண்ணியில டேப்! 1,640 ரூபாய்க்கு டேப் யோசனை. நீங்கதானே பணம் வாபஸ்னு சொன்னீங்கன்னு அவர் மெசேஜையே எடுத்து ஒட்டினேன். படிச்சுட்டார், பதில் இல்ல. இப்ப அந்த சாட்ல என்னால எழுதவே முடியல.

வீட்டுக்காரர் மஸ்கட்ல இருந்து, "விடும்மா, 1,640 ரூபாய்தானே"ங்கிறார். ஏன் விடணும்? இங்க நாத்து நடவுக்குப் போற பொம்பளைங்க சேத்துல எத்தனை நாள் குனிஞ்சு நின்னா அந்தக் காசு வரும்?

நாமளே மாத்துறதைப் பத்தி விவரமா எழுதுறேன்னு சொன்னேன், கை வலிக்குது, முக்கியமானதை மட்டும் சொல்றேன். பழைய சீலை ஒரு முனையில பிடிச்சுக் கீழ்ப்பக்கமா இழுத்தா வந்துடும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீங்க, டெம்பர்டு கண்ணாடி ஓரத்துல அடிபட்டா மொத்தமும் பொடிப்பொடியா கொட்டிடும். ஓரத்துல இருக்கிற உப்புக்கறையை வினிகர்ல துடைச்சுட்டு, சோப்புத் தண்ணி தடவி புது சீலை ஏத்துங்க. சரிவா ஒரு விளிம்பு நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, அது குளிக்கிற பக்கம் வரணும், அப்பதான் கண்ணாடியில வழியிற தண்ணி உள்ளயே விழும். பசை, சிலிக்கான் எதுவும் வேண்டாம், சரியான அளவா இருந்தா அதுவே கவ்வும். நாக்கு சந்தைவிடக் கொஞ்சம் பெருசா இருக்கணும். "6 முதல் 10 எம்எம் வரை எல்லாத்துக்கும் பொருந்தும்"னு போட்டிருந்தா தொடாதீங்க. மடிச்ச பார்சல்னா வாசல்லயே திருப்பி அனுப்புங்க. சாட்டை அன்னன்னைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, நான் எடுத்து வெச்சதாலதான் இப்ப கையில ஆதாரம் இருக்கு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழ்லயே பேசலாம். புகார் குடுத்து நம்பர் வாங்கிட்டேன். ஆன்லைன் வியாபாரத்துக்கு 2020-ல வந்த விதியில, புகார் வந்துச்சுன்னு 48 மணி நேரத்துக்குள்ள ஒத்துக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும்னு இருக்கு. தீர்க்கலைன்னா திருவாரூர் நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, என்னோடது 1,640 ரூபாய். பணம் வந்தா இதுக்குக் கீழயே எழுதுறேன். அதுவரைக்கும் உங்க கதவு போட்டோவுல எவனாவது சிவப்புக் கோடு போட்டு அனுப்பினா, அளவை வெச்சு எடுத்த போட்டோ கேளுங்க, அது வராம காசு கட்டாதீங்க.