டீ ஸ்கோன்: இலை மாவிலா, பாலிலா, வெண்ணெயிலா?

டீ ஸ்கோன் (டீ மணம் சேர்த்து ஓவனில் சுடும் இங்கிலாந்துப் பாணிச் சின்ன கேக்) என்று சொல்லித் தட்டில் வைப்பார்கள். கடித்தால் வெண்ணெய் தெரியும், சர்க்கரை தெரியும், டீ மட்டும் தெரியாது. கிறிஸ்துமஸ், புத்தாண்டுச் சமயத்துப் பிற்பகல் விருந்துகளில் அடிக்கடி நடப்பது இது. டீத்தூளின் தரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் அந்த டீக்குப் பொருந்தாத வழியில் அதை மாவுக்குள் கொண்டுபோயிருப்பார்கள். இலையைப் பொடித்து மாவில் கலப்பது, பாலில் இறக்குவது, வெண்ணெயில் இறக்குவது என்று வழிகள் மூன்று. மூன்றும் ஒரே பலன் தருவதில்லை.

ஒப்பிட வசதியாக ஒரே அடிப்படை அளவை வைத்துக்கொள்வோம்: மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 12 கிராம் (தலை தட்டிய 3 டீஸ்பூன்), சர்க்கரை 40 கிராம், உப்பு கால் டீஸ்பூன், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய் 60 கிராம், முட்டை 1, பால் 100 மில்லி. ஐந்தரை சென்டிமீட்டர் வட்டத்தில் வெட்டினால் 8 ஸ்கோன் வரும். முட்டை வேண்டாம் என்றால் பாலை 145 மில்லியாக்குங்கள். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம்.

பொடித்துக் கலப்பது

மூன்றில் எளிது இதுதான், அதிகம் கெடுவதும் இதுதான். 5 கிராம் இலையை அந்த 40 கிராம் சர்க்கரையோடு சேர்த்து மிக்ஸியின் சின்ன ஜாரில் ஓடவிடுங்கள். சர்க்கரைப் பரல் இலையை அரைத்து நொறுக்கும், வெளிவரும் எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும். பிறகு மெல்லிய சல்லடையில் சலித்து, மேலே தங்கும் காம்பை எறிந்துவிடுங்கள். டீ பேக்கைப் பிரித்துப் போடுவதானால் வேலை இன்னும் குறைவு. அதில் இருப்பது ஏற்கெனவே உடைந்த இலைதான்.

வாசனை நேராக நாக்குக்கு வரும். வெட்டிப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள் அழகாக இருக்கும். ஆனால் 6 கிராமைத் தாண்டினால் துவர்ப்பு ஏறி, ஸ்கோனே வறண்டதுபோல் வாயில் தெரியும். வீட்டில் தினசரி டீ போடும் சிடிசி குருணையை மட்டும் இந்த வழியில் போடவே கூடாது. அந்த உருண்டைகள் கெட்டியானவை, 14 நிமிட வேக்காட்டில் இளகாது. பல்லில் மணல் நெறிபடுவதுபோல் இருக்கும். மணமேற்றிய கறுப்புத் தேயிலையான ஏர்ல் கிரே மாதிரி மெல்லிய இலைக்கும், ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடியான மாட்சாவுக்கும்தான் இது சரி.

இன்னொன்று: பொடி கலந்து பிசைந்த மாவை இரவெல்லாம் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். ஈரத்தில் இலை மெல்ல ஊறிச் சாயம் விடும். புள்ளியைச் சுற்றிப் பழுப்பு வளையம் கட்டும், கசப்பும் கூடும்.

பாலில் இறக்குவது

பலரும் பரிந்துரைக்கும் வழி இது. சூடான பாலில் இலையைப் போட்டு மூடிவைத்து, வடிகட்டி, ஆறவிட்டுச் சேர்ப்பது. கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறையில் மூன்றில் பலவீனமானது இதுவே. டீயின் திடத்தைத் தரும் பாலிஃபீனால்களைப் பாலின் புரதம் பிடித்துவைத்துக்கொள்ளும். இலைக்குள் புகுந்து சாற்றை இழுப்பதில் பால் தண்ணீருக்கு ஈடாகாது. மேலும் இலை பாலைக் குடித்துவிடும். 130 மில்லி பாலில் 10 கிராம் இலையைப் போட்டால் 100 மில்லிதான் திரும்ப வரும். இதை அளக்காமல் விடுபவர்களுக்கு மாவு வறண்டு, ஸ்கோன் ஓரம் வெடித்து வரும்.

டீக்கடைக்காரர் செய்வதே இங்கே சரியான வைத்தியம்: முதலில் டிகாஷன், பிறகு பால். 70 மில்லி தண்ணீரில் 8 கிராம் அஸ்ஸாம் சிடிசி போட்டுச் சிறு தீயில் 3 நிமிடம் கொதிக்கவிட்டு, அழுத்தி வடித்தால் சுமார் 40 மில்லி கெட்டி டிகாஷன் கிடைக்கும். அதோடு முழுக் கொழுப்புப் பால் 60 மில்லி. மொத்தம் 100 மில்லி இருக்கிறதா என்று அளந்து, குறைந்தால் பாலால் நிரப்பி, நன்றாகக் குளிரவைத்த பிறகே மாவில் ஊற்றுங்கள். வெதுவெதுப்பாக ஊற்றினால் வெண்ணெய் உருகி, அடுக்கடுக்காக எழும்ப வேண்டிய ஸ்கோன் பன் மாதிரி ஆகிவிடும்.

நிறம் வெளிர் பழுப்பாக வரும், மால்ட் வாசனை நிற்கும். கூடுதல் எழுச்சிக்காகச் சமையல் சோடா சேர்க்கும் பழக்கம் இருந்தால் இந்த மாவில் விட்டுவிடுங்கள். காரத்தில் டீச்சாயம் கறுக்கும், உள்பக்கம் அழுக்குச் சாம்பல் நிறமாகத் தெரியும். மோர் சேர்ப்பவர்கள் அதைச் சூடான டிகாஷனில் கலக்க வேண்டாம், திரியும். இரண்டும் குளிர்ந்திருக்க வேண்டும்.

வெண்ணெயில் இறக்குவது

ஏர்ல் கிரேயின் உயிர் அதன் இலையில் இல்லை, அதில் ஏற்றிய பெர்கமாட் எண்ணெயில் இருக்கிறது. இத்தாலியின் கலாப்ரியாவில் அதிகம் விளையும் ஒரு வகை நாரத்தை இனத்தின் தோலெண்ணெய் அது. எண்ணெய் எண்ணெயில்தானே கரையும்? அதனால் இந்த டீக்கு வெண்ணெயே நல்ல வாகனம்.

80 கிராம் வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி, 6 கிராம் இலையைப் போட்டு, உடனே அடுப்பை அணைத்து மூடி 20 நிமிடம் விடுங்கள். கொதிக்கவிட்டால் வாசனை சமையலறையோடு போய்விடும். மஸ்லின் துணியில் இறுக்கிப் பிழிந்தால் 60 முதல் 65 கிராம் கிடைக்கும். உருகிய வெண்ணெயில் நீர் அடியில் பிரிந்து நிற்கும் என்பதால், ஆறும்போது இரண்டு மூன்று முறை கிளறிவிட்டு, தட்டையான கிண்ணத்தில் ஃப்ரிட்ஜில் கல்லாக உறையவிடுங்கள். பிறகு கேரட் துருவியில் துருவி மாவில் கலக்கலாம்.

துவர்ப்பும் சாயமும் நீரில் கரைபவை, வெண்ணெயில் அவ்வளவாக இறங்குவதில்லை. எனவே ஸ்கோன் வெள்ளையாகவே இருக்கும், கசப்பும் இருக்காது, மணம் மட்டும் எழும். பார்த்தவுடன் டீ ஸ்கோன் என்று தெரிய வேண்டுமானால் 2 கிராம் பொடியும் மாவில் தூவுங்கள், அரை ஆரஞ்சின் தோலையும் துருவிப் போடுங்கள். ஏர்ல் கிரேக்கு இந்தக் கூட்டணியை மிஞ்சிய வழி இல்லை. அஸ்ஸாமுக்கு இதே வேலையைச் செய்தால் உழைப்பு வீண். அதன் பலமெல்லாம் நீரில் இறங்கும் பலம்.

மாட்சாவும் மசாலா டீயும்

மாட்சா 7 கிராம், மைதாவோடு சலித்துச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் செய்முறை. தொல்லை நிறத்தில்தான். சூட்டில் பச்சையம் சிதைந்து மேல்புறம் காக்கியாகும். ஓவனை 200 டிகிரிக்கு இறக்கி, 8 நிமிடத்துக்குப் பின் மேலே அலுமினியத் தாள் மூடினால் ஓரளவு காப்பாற்றலாம். ஆனால் கொடுக்கும் விலைக்கு இதை வேகவைப்பதைவிடக் குடிப்பது மேல்.

மசாலா டீ ஸ்கோன் கிறிஸ்துமஸ் மேசைக்கு நன்றாகவே பொருந்தும். மேலே சொன்ன டிகாஷனில் 4 ஏலக்காய், ஒரு துண்டு பட்டை, 2 கிராம்பு தட்டிப் போடுங்கள். பச்சை இஞ்சியைத் தவிர்த்துச் சுக்கு கால் டீஸ்பூன் மாவிலேயே கலந்துவிடுங்கள். பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கும் நொதி உண்டு. உண்மையில் இதில் டீயைவிட மசாலாதான் முன்னால் நிற்கும், எந்த டீத்தூளானாலும் வித்தியாசம் தெரியாது. விலை உயர்ந்த இலையை இதில் வீணாக்க வேண்டாம்.

எந்த வழியானாலும் மாறாதவை

துருவிய வெண்ணெயை விரல் நுனியால் தேய்த்து ரொட்டித்தூள் பதத்துக்குக் கொண்டுவந்து, திரவத்தை ஒரே தடவையில் ஊற்றி, கத்தியால் கிளறுங்கள். திரண்டதும் நிறுத்த வேண்டும். சப்பாத்தி மாவு பிசையும் கை இங்கே ஆகாது, பிசையப் பிசைய ரப்பராகும். இரண்டு முறை மடித்துத் தட்டி, இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் விட்டு, அச்சை நேராக அழுத்தி நேராகத் தூக்குங்கள். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாயும். முட்டை தடவும்போது பக்கவாட்டில் வழியவிட்டாலும் இதே கதிதான். வெட்டியதை 15 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, 220 டிகிரி சூட்டில் 12 முதல் 14 நிமிடம். மேல் கம்பி அருகில் இருக்கும் சின்ன ஓடிஜியில் தட்டை நடுவுக்கும் கீழே ஒரு படி இறக்கி வையுங்கள். டிகாஷன் சேர்ந்த மாவு முன்பே பழுப்பு என்பதால் நிறத்தை நம்ப வேண்டாம், ஒன்றைத் திருப்பிப் பார்த்து அடி நன்றாகச் சிவந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

மேசையில்

இங்கிலாந்தில் டெவன்காரர்கள் முதலில் கிரீம், மேலே ஜாம் வைப்பார்கள். கார்ன்வால்காரர்கள் ஜாமை முதலில் வைப்பார்கள். அந்தச் சண்டை அவர்களோடு இருக்கட்டும். டீ ஸ்கோனுக்கு எந்த ஜாம் என்பதுதான் கேள்வி. ஸ்ட்ராபெர்ரி ஜாம் பெர்கமாட்டை முழுசாக விழுங்கிவிடும். ஏர்ல் கிரே ஸ்கோனுக்கு லெமன் கர்டோ ஆரஞ்சு மார்மலேடோ வையுங்கள். அஸ்ஸாம் ஸ்கோன் ஸ்ட்ராபெர்ரியைத் தாங்கும். கிளாட்டட் கிரீம் கிடைக்காத இடத்தில், முழுக் கொழுப்புப் பாலைக் காய்ச்சிச் சேர்த்த கெட்டிப் பாலாடையைக் குளிரவைத்து லேசாக அடித்தால் போதும்.

ஏர்ல் கிரே ஸ்கோனோடு கோப்பையிலும் ஏர்ல் கிரே ஊற்றாதீர்கள். மூக்கு கோப்பையின் மணத்துக்குப் பழகி, ஸ்கோன் வெறும் ஸ்கோனாகிவிடும். இலங்கையின் டிம்புல்ல டீயோ நீலகிரி டீயோ பால் சேர்க்காமல் கொடுங்கள். அஸ்ஸாம் ஸ்கோனுக்கு நுவரெலியா டீ மாதிரி இலேசானது போதும். குழந்தைகள் வருகிறார்கள் என்றால், ஒரு அஸ்ஸாம் ஸ்கோனில் 1 கிராம் டீத்தூளின் சாறு, அதாவது அரைக் கோப்பை டீ இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அவர்களுக்குக் கஃபீன் இல்லாத ரூய்போஸ் என்ற மூலிகை டீயில் டிகாஷன் போட்டுத் தனியாக ஒரு தட்டு செய்யலாம்.

விருந்து நாளில் எல்லாவற்றையும் காலையில் ஆரம்பிக்க வேண்டியதில்லை. வெட்டிய பச்சை ஸ்கோன்களை முந்தின வாரமே ஃப்ரீசரில் உறையவிட்டு, கெட்டியானதும் பையில் போட்டு மூடிவைக்கலாம். விருந்தினர் உட்காருவதற்கு அரை மணி நேரம் முன்பு, உருகவிடாமல் அப்படியே ஓவனில் வைத்து, 4 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.