பெரிய எழுத்துத் தமிழ் வேதாகமம்: மருத்துவமனையில் பயன்படுத்திய பின் எழுதுகிறேன்

கடந்த ஆண்டு என் கணவருக்கு இருதய பைபாஸ் அறுவை சிகிச்சை என்று முடிவானதும், நான் முதல் வேலையாக சிங்கப்பூர் நகர மையத்திலுள்ள ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குப் போய், பெரிய எழுத்துத் தமிழ் வேதாகமம் ஒன்றை 38 வெள்ளி கொடுத்து வாங்கினேன். அதைப் பக்தி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். மருத்துவர் விளக்கியதில் பாதி என் காதில் ஏறவில்லை, கைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வீட்டில் இருந்தது எங்கள் திருமணத்தன்று சபையில் கொடுத்த சிறிய வேதாகமம். அதன் எழுத்துகள் கண்ணாடி போட்டாலும் இப்போது எனக்கு எறும்பு வரிசையாகத்தான் தெரிகின்றன.

புதிய நூலில் அந்தக் குறை அறவே இல்லை. எழுத்துகள் தடித்து, வரிகளுக்கு நடுவே போதிய இடைவெளியோடு இருப்பதால், படுக்கையருகே எரியும் மங்கலான விளக்கிலும் சிரமமின்றிப் படிக்க முடிந்தது. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு வேதாகமத்தின் பிற்பகுதியான புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கிய 1714ஆம் ஆண்டில், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகளை வார்த்தார்களாம். அன்று அவர்கள் பாடுபட்டுச் சிறிதாக்கியதை நான் இன்று காசு கொடுத்துப் பெரிதாக்கிக்கொள்கிறேன் என்று நினைத்து, அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

கைப்பேசியிலேயே வேதாகமம் இலவசமாகக் கிடைக்கும்போது இது எதற்கு என்று என் மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் அதே திரையில் உறவினர்களின் விசாரிப்புகளும், யாரோ அனுப்பிவைக்கும் இருதய நோய்க் காணொளிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும்போது, வேதாகமப் பாடலான ஒரு சங்கீதத்தைப் படித்து முடிப்பதற்குள் பயம் மூன்று முறை புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

அறுவை சிகிச்சைக்கு முந்திய இரவு ஈசூனில் உள்ள எங்கள் வீட்டில் நான் தனியாக இருந்தேன். தூக்கம் வராமல் புரட்டியபோது 56ஆம் சங்கீதம் கண்ணில் பட்டது. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்ற மூன்றாம் வசனம் ஒரே வரியாக, பக்கத்தின் நடுவில் தனித்துத் தெரிந்தது. சிறு வயதில் ஞாயிறு பள்ளியில் ஒப்பித்த வசனம்தான். இருந்தாலும், பயம் தீர்ந்த நாளில் என்று அதைப் பாடிய தாவீது சொல்லவில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. எதிரிகளான பெலிஸ்தரிடம் காத் ஊரில் பிடிபட்டபோது பாடியது என்று அதன் தலைப்பு கூறுகிறது. அதே ஊரில் ஆகீஸ் ராஜாவுக்கு அஞ்சி, தாடியில் எச்சில் வழியவிட்டுப் பைத்தியக்காரனைப்போல் அவர் நடித்ததை 1 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில் படிக்கலாம். கோலியாத்தை வீழ்த்தியவரே அப்படிப் பயந்திருக்கிறார் என்றால், என் பயத்தை விசுவாசக் குறைவு என்று எண்ணி நான் தனியாக வெட்கப்பட வேண்டியதில்லை. "கவலைப்படாதீங்கக்கா, விசுவாசமா இருங்க" என்று அன்று மாலை தொலைபேசியில் அறிவுறுத்திய சபைச் சகோதரியின் சொல்லைவிட, தொடர்புள்ள வசனங்களைக் காட்டும் ஒட்டுக்குறிப்புகளின் வழியே இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் படித்தது எனக்கு அதிகமாகத் துணைநின்றது. அந்தக் குறிப்புகள் மட்டும் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதை என்னவென்று சொல்வது!

இனி குறைகள். இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பு மையில் அச்சிட்டிருக்கிறார்கள். பகலில் அழகுதான். ஆனால் மஞ்சள் விளக்கொளியில் அது வெளிறிப்போய்விடுவதால், புயலை நோக்கி அவர் சொன்ன "இரையாதே, அமைதலாயிரு" என்ற சொற்களை, மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் நான் தடவித் தடவிப் படிக்க வேண்டியிருந்தது. மொழி, 1871இல் வெளிவந்த திருத்தத்தை ஒட்டிய பழைய மொழிபெயர்ப்பு. கேட்டு வளர்ந்த காதுக்கு அதன் ஓசையே ஆறுதல் என்றாலும், நூலின் இறுதியில் அருஞ்சொல் பட்டியல் இல்லாதது இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெரிய இடைஞ்சல். "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்று அந்த 56ஆம் சங்கீதத்தில் வருகிறது. என் மகள் துருத்தி என்றால் கொல்லன் பட்டறையில் காற்று ஊதுவது என்று அகராதி பார்த்துச் சொல்லிவிட்டுக் குழம்பி நின்றாள். இங்கே அது தண்ணீர் நிரப்பும் தோல் பை என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

எடை ஏறக்குறைய இரண்டு கிலோ இருக்கும். பேருந்தில் நின்றுகொண்டு பிடித்திருக்கவும், படுத்துக்கொண்டு மார்பின்மேல் வைத்துப் படிக்கவும் இது ஏற்றதல்ல. பொன்முலாம் பூசிய ஓரங்கள் நம் ஊர் ஈரக்காற்றில் ஒட்டிக்கொள்வதால், வாங்கியவுடன் பக்கங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடுவது நல்லது. ஜிப் வைத்த உறை மட்டும் உறுதியானது.

அறுவை சிகிச்சை நடந்த ஐந்து மணி நேரமும் அது என் மடியில்தான் இருந்தது. அதிகம் படிக்கவில்லை, அந்த ஒரு பக்கத்தில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். என் கணவர் இப்போது தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் அதைத் தமக்கென்று விரித்து வைத்துக்கொண்டு எனக்குத் தர மறுக்கிறார். ஆகவே இன்னொன்று வாங்கப் போகிறேன், இம்முறை முழுவதும் கறுப்பு மையில் அச்சிட்ட பதிப்பு இருக்கிறதா என்று கேட்டுத்தான்.