இன்விட் எக்ஸ்டென்ஷன்: ஃபார்வேர்டு வீடியோவ நோண்ட நல்ல டூல், ஆனா ஃபோன்ல வராது

குரோம் பிரவுசர்ல கூடுதலா சேத்துக்கற குட்டி சாஃப்ட்வேர், அதாவது இன்விட்-வீவெரிஃபை எக்ஸ்டென்ஷன் பத்தி நம்மாளுங்க பல பேருக்குத் தெரியல, அதான் எழுதறேன். காசு கிடையாது. ஐரோப்பிய யூனியன் நிதில ஏஎஃப்பிங்கற பிரெஞ்சு செய்தி நிறுவனத்து ஆளுங்களும் சேந்து பத்திரிகைக்காரங்களுக்காகப் பண்ணது, இப்ப யார் வேணா போட்டுக்கலாம், சில டூல மட்டும் ஃபேக்ட் செக் பண்றவங்களுக்குன்னு பூட்டி வச்சிருக்காங்க, நமக்கு அது தேவையும் படாது.

வேலை என்னன்னா, வீடியோ லிங்க்கையோ இல்ல டவுன்லோட் பண்ணி வச்ச ஃபைலையோ குடுத்தா முக்கியமான ஃப்ரேம்லாம் தனித்தனி படமா பிரிச்சுக் குடுக்கும், அத அப்படியே கூகுள், யாண்டெக்ஸ், டின்ஐன்னு படத்த வச்சுத் தேடற சைட்டுங்கள்ல போட்டுத் தேடலாம், இதே படம் முன்னாடி எங்க வந்திருக்குன்னு மாட்டும். கடை போர்டு, பஸ் நம்பர் எல்லாம் பெருசு பண்ணிப் பாக்க ஒரு லென்ஸ் இருக்கு, சூப்பர். மெட்டாடேட்டா, அதாவது எப்ப, எதுல எடுத்ததுன்னு ஃபைலுக்குள்ளயே பதிஞ்சிருக்கற விவரம், பாக்கற வசதியும் உண்டு, ஆனா வாட்ஸ்அப்ல வந்த வீடியோன்னா பெரும்பாலும் அதுல ஒண்ணும் மிஞ்சி இருக்காது.

இது எதுக்கு ஆகும்னா 2018 புள்ள கடத்தல் வீடியோ ஞாபகம் இருக்கா, பைக்ல வந்த ரெண்டு பேரு தெருவுல விளையாடற குழந்தைய தூக்கிட்டுப் போவானுங்களே, அந்த மாதிரி கேஸுக்கு. அது கராச்சில ரோஷ்னி ஹெல்ப்லைன்னு ஒரு அமைப்பு எடுத்த விழிப்புணர்வு விளம்பரம்ங்க! கடைசில அவனுங்களே குழந்தைய கொண்டாந்து விட்டுட்டு ஒரு அட்டையத் தூக்கிக் காட்டுவானுங்க, அந்த எடத்த மட்டும் வெட்டிட்டு விட்டிருக்கானுங்க. இந்த மாதிரி ஃபார்வேர்டுங்க சுத்திட்டிருந்த நேரத்துலதான், அந்த வருஷம் மே மாசம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு வயசான அம்மா புள்ளைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்கன்னு அடிச்சே கொன்னாங்க. வாட்ஸ்அப் 5 சாட்டுக்கு மேல ஒரே நேரத்துல ஃபார்வேர்டு பண்ண முடியாதுன்னு இந்தியால கொண்டுவந்ததெல்லாம் அதுக்கப்புறம் ஜூலைலதான்.

2023 மார்ச்லயும் இதே கதை, தமிழ்நாட்டுல பீகார்காரங்கள அடிக்கறாங்கன்னு ரெண்டு வீடியோ. ஒண்ணு பீகார் தொழிலாளிங்களே ரெண்டு கோஷ்டியா அடிச்சுக்கிட்டது, இன்னொண்ணு கோயம்புத்தூர் உள்ளூர்க்காரங்க சண்டைன்னு அப்ப டிஜிபியா இருந்த சைலேந்திரபாபு சொல்ல வேண்டியதாப் போச்சு. பழைய நியூஸ் நெட்ல கெடந்தா இந்த ரகத்த டூல் புடிச்சுக் குடுத்துடும்.

ஆனா ஊரும் சரி, நாளும் சரி, ஆளும் சரி, முன்னாடி பின்னாடி மட்டும் வெட்டியிருக்குன்னா டூல் வாயத் தொறக்காது. எங்க குடும்ப குரூப்ல ஒரு கண்டக்டர் பெரியவரத் தள்ளற கிளிப் வந்துச்சு, சித்தப்பா "அதான் வீடியோலயே தெரியுதேடா, இன்னும் என்ன பாக்கணும்"ங்கறாரு, நான் போட்டுத் தேடினா வந்த பேஜ் எல்லாத்துலயும் அதே நீளம், அதே எடத்துல கட். கண்டக்டர் ஏன் தள்ளினாருன்னு எவன்கிட்டயும் இல்ல. திட்டு மட்டும் ஆயிரக்கணக்குல, அந்தாளு வேலை போகணும்னு வேற.

2019 ஜனவரில வாஷிங்டன் லிங்கன் மெமோரியல்ல டிரம்ப் ஆதரவாளருங்க போடற செவப்பு தொப்பி போட்ட ஸ்கூல் பையன் மேளம் அடிக்கற பூர்வகுடி பெரியவர் முன்னாடி நின்னு சிரிக்கறான்னு ஒரு கிளிப் வந்துச்சே, ஊரே அந்தப் பையனத் திட்டித் தீத்துச்சு, அப்பறம் பாத்தா வேற ஒரு கும்பல் அந்தப் பசங்கள முன்னாடியே கண்டபடி திட்டினதும், அந்தப் பெரியவர்தான் அவங்க நடுவுல நடந்து வந்ததும் தெரிஞ்சுது. இத எந்த சாஃப்ட்வேரும் கண்டுபுடிக்கல, அங்க நின்ன வேற யாரோ நீளமா எடுத்து வச்சிருந்தாங்க, அவ்ளோதான்.

அடுத்த கொறை, இது கம்ப்யூட்டர் குரோம்ல ஓடறது, குப்பை வீடியோ பூரா வர்றது ஃபோன்ல. சித்தப்பாகிட்ட லேப்டாப்பே கிடையாது.

5க்கு மூணரை குடுப்பேன். குரூப் அட்மினா இருக்கவங்க கண்டிப்பா போட்டு வைங்க. ஃபோன் மட்டும் இருக்கவங்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸ்ல போடுங்க, முதல் ஃப்ரேம்ல எடுக்காதீங்க, அதுலதான் "அதிர்ச்சி"ன்னு பெருசா எழுதி ஒட்டி வச்சிருப்பானுங்க, போர்டோ பில்டிங்கோ தெளிவா தெரியற எடத்துல நிறுத்தி எடுங்க.