பழைய சேணம் விற்க எது தோது: கமிஷன் கடையா, இபேயா, நேரடி விற்பனையா?

அமெரிக்காவில் பழகிய ஆங்கிலச் சேணத்தை (முன்னால் கொம்பு இல்லாத வகை) விற்பவர்கள் முதலில் கேட்பது கமிஷன் எத்தனை சதவீதம் என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: வாங்கியவரின் குதிரை முதுகில் அது சரியாக உட்காரவில்லை என்றால் பொறுப்பு யார் தலையில் விழும்? நல்ல தோல், நல்ல தையல் இருந்தும் சேணம் திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

குதிரைச் சாமான் கடையில் கமிஷனுக்குக் கொடுத்தால் அந்தத் தலைவலி கடைக்காரருடையது. வழக்கமாக 20 முதல் 35 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். 2,000 டாலருக்குப் போனால், 25 சதவீதம் கழித்து 1,500 கைக்கு வரும். வாங்குபவரின் கார்டில் முழுத்தொகையையும் பிடித்துக்கொண்டு, சில நாள் போட்டுப் பார்க்கக் கொடுப்பார்கள். அங்கவடி (கால் வைக்கும் வளையம்) வார் உராய்ந்து மடலில், அதாவது சவாரி செய்பவரின் காலுக்கடியில் தொங்கும் பக்கத் தோலில், தடம் விழாமலிருக்க வார்மேல் நீளமான சாக்ஸை மாட்டச் சொல்லும் கடை நல்ல கடை. ஒப்பந்தத்தில் மூன்றைப் பாருங்கள்: எத்தனை நாளில் விலையை இறக்குவார்கள், சோதனையில் கீறல் விழுந்தால் யார் கொடுப்பது, விற்றபின் பணம் எப்போது வரும். ஸ்டூபென், பாசியர், சிடபிள்யூடி போன்ற உயர்விலைத் தோல் சேண பிராண்டுகளுக்கு இந்த வழிதான் சரி. அவற்றைத் தேடுபவர்கள் கடைக்கே வருகிறார்கள்.

இபேயில் கட்டணம் சுமார் 13 சதவீதம், கேட்கக் குறைவுதான். ஆனால் அது சேண விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவும் விற்பனை வரியும் சேர்ந்த மொத்தத்துக்கு. அடுத்த செலவு பெட்டி. 24 × 20 × 16 அங்குலப் பெட்டியின் கன அளவை 139 ஆல் வகுத்து, அதையே எடையாக வைத்து ஃபெடெக்ஸ் கூரியர் கட்டணம் போட்டால் 56 பவுண்டு வரும். உள்ளே இருப்பது 15 பவுண்டுச் சேணம். ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று போட்டாலும், ‘சொன்னபடி இல்லை’ என்று வாங்கியவர் புகார் கொடுத்தால் பெரும்பாலும் திரும்ப எடுக்க வேண்டியதுதான். அதனால் அளவுநாடா வைத்தே படம் எடுக்க வேண்டும்: முன்மேட்டின் (இருக்கையின் முன்பக்க உயர்வு) பக்கவாட்டுக் குமிழாணியிலிருந்து பின்மேட்டின் (பின்பக்க உயர்வு) நடு வரை இருக்கை அளவு, மடலின் நீளம், நேர் முன்னிருந்து பள்ளத்தின் (குதிரையின் முதுகெலும்புக்கு விட்ட இடைவெளி) அகலம், குதிரை முதுகில் படும் அடிமெத்தைகள் இரண்டும், வரிசை எண் முத்திரை.

படத்துக்கு முன், தோலுக்குள் சேணத்தைத் தாங்கும் உள்சட்டத்தைச் சோதியுங்கள். முன்மேட்டைத் தொடையில் அண்டக்கொடுத்து, பின்மேட்டை உங்கள் பக்கம் இழுக்க வேண்டும். ஸ்பிரிங் சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதில் பயமில்லை. இருக்கைத் தோல் நடுவில் ஆழமாக மடிந்தாலோ, கறகறவென்று சத்தம் வந்தாலோ சட்டம் உடைந்திருக்கலாம். அதை எந்த வழியிலும் சவாரிச் சேணமாக விற்கக் கூடாது.

பக்கத்து லாயத்துக்காரரிடம் நேரடியாக விற்றால் கட்டணமும் இல்லை, பெட்டியும் இல்லை. விண்டெக் போன்ற செயற்கைச் சேணங்களுக்கு இதுதான் பொருத்தம். விலை குறைவு என்பதால் பல கடைகள் அவற்றைத் தொடவே தயங்கும். குதிரைக்கேற்ப அகலத்தைக் கூட்டிக் குறைக்க முன்பள்ளத் தகடு மாற்றும் வகையென்றால் இருக்கிற தகடுகளையும் சேர்த்தே விற்கவும். மஞ்சள் ஒடுக்கம், கறுப்பு நடுத்தரம், சிவப்பு அகலம் என்று நிறத்தைச் சொன்னாலே வாங்குபவருக்குப் புரிந்துவிடும். சோதனைக்குக் கொடுப்பதானால் முழுப்பணமும் கையில், தேதி போட்ட ஒப்புத்தாளும் கையில். விலைக்கு மேல் காசோலை அனுப்பி மிச்சத்தைத் திருப்பிக் கேட்பவர் ஏமாற்றுக்காரர். பதிலே எழுத வேண்டாம்.

புதுச் சேணம் வாங்கும் இடத்தில் பழையதைக் கழித்துக்கொள்வதும் உண்டு. வேகம் அதிகம், விலை குறைவு.

எங்கே விற்றாலும், பளபளப்புக்காக நீட்ஸ்ஃபூட் எண்ணெயை (தோலுக்குப் போடும் எண்ணெய்) பூசாதீர்கள். தோல் கறுத்துவிடும், வெடிப்பை மறைக்கிறார்களோ என்ற சந்தேகமும் வரும். கிளிசரின் சோப்பும் நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சும் போதும். காசு செலவழிப்பதானால் வயிற்றுவார் மாட்டும் பட்டைகளுக்குச் செலவழியுங்கள்: துளைகள் நீண்டு இழுபட்டிருந்தால் மாற்றிவிட்டே விற்பனைக்கு வைக்கவும். பேரம் பேச வருபவர் முதலில் புரட்டிப் பார்ப்பது அவற்றைத்தான்.